படம் ஓடுது, வாத்தியார் பேசல

வீடியோ மாற்றிக் கொடுக்கும் தொழிலில் ஒரு விதி உண்டு: படம் தெரியவில்லை என்றால் டேப்லட்டைத் திட்டுவார்கள், சத்தம் வரவில்லை என்றால் மாற்றிக் கொடுத்தவளைத் திட்டுவார்கள்.

அந்த மாற்றிக் கொடுத்தவள் நான்தான். பள்ளியின் கடைசி வகுப்பான ஃபார்ம் ஃபைவ் முடித்தேன், மேலே படிக்கப் பிடிக்கவில்லை, மலை ஊரான கம்போங் ராஜாவில் குமார் அண்ணனின் கைப்பேசிக் கடையில் சேர்ந்துவிட்டேன். கண்ணாடி ஒட்டுவேன், சார்ஜர் விற்பேன், வீடியோ மாற்றிக் கொடுப்பேன். தோட்டத்து வீடுகள் பலவற்றில் இணையம் சரியாகக் கிடைக்காது. அதனால் ஆட்கள் மெமரி கார்டில் எதையாவது கொண்டுவந்து, "இத டேப்லட்ல ஓடுற மாதிரி பண்ணிக் குடு லா" என்பார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று, "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்ற வாக்கியத்தை நீங்களும் கேட்டிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான். படியுங்கள்.

பன்னிரண்டு பாடம்

சரசு அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மெஷின் பிடிப்பவர். கையில் ஒரு கார்டும், அவர் மகள் பாடம் படிக்கும் பழைய டேப்லட்டும் இருந்தன. கார்டில் பன்னிரண்டு வீடியோ. கார் லைசன்ஸ் எடுப்பதற்கு முன்னால் எழுத வேண்டிய சாலை விதிச் சோதனை இருக்கிறதே, உண்டாங், அதற்கு ஒரு வாத்தியார் தமிழில் நடத்திய வகுப்பு. யாரோ பழைய கையடக்கக் கேமராவில் பிடித்திருக்கிறார்கள்.

அக்கா ஏற்கனவே இரண்டு முறை அந்தச் சோதனையில் விழுந்திருந்தார். தோட்டத்தில் மெஷின்களையும் எண்ணெயையும் மலைக்கு ஏற்றிப் போகும் பிக்கப்பை ஓட்டுகிறவர் வேலையை விட்டுப் போகிறார். லைசன்ஸ் வேலையை ஆரம்பித்துவிட்டேன் என்று காட்டினால் அந்த இடத்தைக் கொஞ்ச நாள் பிடித்து வைப்பதாக மேனேஜர் துரை சொல்லியிருக்கிறார். மூன்று வாரத்தில் மூன்றாவது சோதனை. இதிலும் விழுந்தால் பிக்கப் வேறு ஆளுக்கு.

புத்தகம் இருக்கிறதே, படிக்கலாமே என்று கேட்டேன். நான் இப்படித்தான், மனதில் பட்டதைக் கேட்டுவிடுவேன். அக்கா கோபப்படவில்லை.

"வேல முடிஞ்சு வந்து சோறாக்கி, அதுக்கப்புறம் புத்தகத்தத் தொறந்தா மொதப் பக்கத்துலயே தூங்கிடுறேன் தங்கச்சி. மலையில எட்டு மணி நேரம் என் காது சும்மாதான இருக்கு."

ஒரு வாரம் வீண்

டேப்லட் அந்தக் கேமரா வீடியோவைத் திறக்கவே இல்லை. நான் கடைக் கணினியில் போட்டு மாற்றினேன். அக்கா முட்டைக்கோஸ் வாங்கிவிட்டு வருவதற்குள் பன்னிரண்டும் முடிந்துவிட்டன. டேப்லட்டில் ஒன்றைத் தட்டிப் பார்த்தேன், வாத்தியார் கரும்பலகை முன் நின்று கையை ஆட்டினார். சரி, எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.

சத்தம் கேட்டுப் பார்த்தாயா என்று இப்போது நீங்கள் கேட்பீர்கள். பார்க்கவில்லை. குமார் அண்ணன் கடையில் காலை முதல் சாயங்காலம் வரை பாட்டு அலறும், அதில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும். இது சாக்கு. உண்மை என்னவென்றால் எனக்குப் பொறுமை இல்லை.

அடுத்த ஞாயிறு அக்கா திரும்பி வந்தார். ஒரு வாரம் போயே போய்விட்டது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வாத்தியாரு வாயயே ஒரு வாரமா பாத்துக்கிட்டு இருந்தேன். அவருக்குக் கீழ்வரிசையில ஒரு பல்லு இல்ல. சோதனையில அதக் கேட்டா எழுதிடுவேன்."

லோரிக்குள் சண்டை

அக்காவின் வீடியோவை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்த அதே காலையில், கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டும் ஓர் அண்ணன் வந்து சேர்ந்தார். அவருக்கும் அதே நோய். போன வாரம் நான் மாற்றிக் கொடுத்த சினிமா டேப்லட்டில் ஓடுகிறது, சத்தம் இல்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இரண்டு பேருக்கும் ஒரே கோளாறு என்றால் மருந்தும் ஒன்றாகத்தானே இருக்கும்?

ஒலியைக் கூட்டினேன். அணைத்துப் போட்டேன். படத்தை மறுபடி மாற்றினேன். குமார் அண்ணன் தன் பங்குக்கு ஸ்பீக்கர் ஓட்டையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார், அவருக்கு எல்லா நோய்க்கும் அந்தப் பிரஷ்தான். அரை மணி நேரம் ஓடியது. லோரிக்கார அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். டேப்லட்டின் ப்ளூடூத், வெளியே நிறுத்தியிருந்த லோரியின் ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டிருந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. லோரியில் தூங்கிக்கொண்டிருந்த அவர் கூட்டாளி கண்ணைத் தேய்த்துக்கொண்டே கடைக்குள் வந்து சொன்னார்.

"டேய், லோரிக்குள்ள ஒரு புருசன் பொஞ்சாதி அரை மணி நேரமா சண்ட போடுறாங்கடா, ஆள மட்டும் காணோம்."

பழைய சட்டை

அக்காவின் டேப்லட்டில் ப்ளூடூத் அணைந்தே கிடந்தது. அப்படியானால் கோளாறு வீடியோவில்தான். ஆனால் அதே வீடியோ கடைக் கணினியில் வாத்தியார் குரலோடு ஓடியது, அதுதான் என்னைக் கடுப்பேற்றியது. மாற்றும் மென்பொருளில் நான் இதுவரை தொடாத ஒலிப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் என் அம்மா அழுதிருப்பார், சந்தோஷத்தில்.

விஷயம் இவ்வளவுதான். அந்தப் பழைய கேமரா சத்தத்தை ஏசி3 என்ற வகையில் பதிவு செய்கிறது. கணினிக்கு அது புரியும், அக்காவின் டேப்லட்டுக்குப் புரியாது. நான் மாற்றியபோது, "ஒலியை அப்படியே வை" என்ற கட்டத்தில் டிக் இருந்திருக்கிறது. படத்துக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டு, சத்தத்தைப் பழைய சட்டையோடே அனுப்பிவிட்டேன். டிக்கை எடுத்தேன், டேப்லட்டுக்குப் புரியும் ஏஏசி வகையைத் தேர்ந்தெடுத்தேன், பன்னிரண்டையும் முதலிலிருந்து மாற்றினேன். குமார் அண்ணனின் பாட்டை நிறுத்திவிட்டு டேப்லட்டைத் தட்டியதும், "வணக்கம், ஒக்காருங்க" என்று வாத்தியார் பேசினார். அக்கா நிஜமாகவே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்னும் இரண்டு வாரம் இருந்தது, போதும் என்றார். எனக்கு யாராவது சபாஷ் சொல்வார்கள் என்று குமார் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன்.

"இத மொத வாரமே செஞ்சிருக்கலாம்ல?"

ஸ்ட்ராபெரி ஆன்டியின் பாராட்டு

இது சின்னது. கியா பார்ம் சாலையோரத்தில் ஸ்ட்ராபெரிக் கடை வைத்திருக்கும் ஆன்டி, மகன் பிடித்துக் கொடுத்த விளம்பர வீடியோவோடு வந்தார். கடை முன்னால் டேப்லட்டை வைத்து நாள் முழுக்க ஓட்ட வேண்டுமாம். நான் கவனமாக ஒலி வகையைப் பார்த்து, மாற்றி, இரண்டு முறை கேட்டு, பெருமையோடு நீட்டினேன். ஆன்டி முகம் சுளித்தார். வீடியோவில் பக்கத்துக் கடைக்காரி விலை கூவும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது, தன் விலையைவிட அது குறைவு. சத்தமே வேண்டாம் என்றார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சத்தத்தக் காணாமப் போக வைக்கிறதுல நீ கெட்டிக்காரின்னு தேயிலத் தோட்டமே பேசுது, அதான் உங்கிட்ட வந்தேன்."

வீட்டில் கேட்குது, மலையில் கேட்கல

அந்த வாரமே வியாழக்கிழமை கடைக்கு ஒரு போன். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் போனிலிருந்து சரசு அக்கா. வீட்டில் வாத்தியார் நன்றாகப் பேசுகிறார், மலையில் இயர்போன் போட்டால் ஒரு சொல்லும் வரவில்லை. தான் ஏதோ தப்பாக அமுக்கிவிட்டோம் என்று மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். அதே இயர்போனில் பாட்டுப் போட்டால் கேட்கிறதாம். சோதனைக்குப் பத்து நாள். வீட்டில் மாலையில் டேப்லட் மகளுக்கு, அக்காவுக்கு அடுப்படி. மலையில் கேட்கவில்லை என்றால் எங்கேயும் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இயர்போன் கெட்டுப்போச்சு, புதுசு விற்றுவிடு என்றார் குமார் அண்ணன். பாட்டுக் கேட்கிற இயர்போன் எப்படிக் கெட்டுப்போகும்? எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் லீவு கேட்டேன். அவர் முடியாது என்று சொல்வதற்குள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். காலையில் தோட்டத்துப் பிக்கப்பிலேயே ஏறி மலைக்குப் போனேன்.

பனி விலகாத சரிவில் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. நீளமான மெஷின், இரண்டு முனையிலும் இரண்டு பேர் பிடித்து நடப்பார்கள், நடுவில் கொழுந்து வெட்டுப்பட்டுப் பின்னால் பைக்குள் போய் விழும். ஒரு முனையில் சரசு அக்கா, இன்ஜின் இருக்கிற மறுமுனையில் மல்லிகா அக்கா. டேப்லட் சரசு அக்காவின் இடுப்புப் பையில். இயர்போனில் ஒரு பக்கம் மட்டும் வலது காதில் இருந்தது, இன்னொன்று கழுத்தில் தொங்கியது.

அவர்கள் மெஷினை நிறுத்தியதும், ஏன் ஒரே காது என்று கேட்டேன். இடது காது மல்லிகாவுக்கு என்றார். மல்லிகா "நில்லு" என்றால் அந்த நொடியே நிற்க வேண்டும், கேட்காமல் ஓர் அடி எடுத்து வைத்தால் யாராவது ஒருவர் விரலுக்கு ஆபத்து. மலையில் மெஷின் பிடிக்கிற யாருமே இரண்டு காதையும் அடைத்துக்கொள்வதில்லை.

தொங்கிய பக்கத்தை எடுத்து என் காதில் வைத்தேன். வாத்தியார் வளைவில் முந்தக் கூடாது என்று கத்திக்கொண்டிருந்தார். கேமராவில் மைக் ஒரு பக்கத்துக்கு மட்டும் வேலை செய்திருக்கிறது, அதனால் குரல் முழுவதும் இடது பக்கத்தில், வலது பக்கம் வெறுமை. டேப்லட்டின் ஒற்றை ஸ்பீக்கர் இரண்டையும் கலந்து கொடுப்பதால் வீட்டில் தெரியவில்லை. நான் கடையில் ஸ்பீக்கரில் மட்டும்தான் கேட்டேன், இயர்போனில் கேட்கவே இல்லை. அதுவும் என் தப்புதான்.

கண்டுபிடித்த திமிரில் நான் இருவருக்கும் விளக்க ஆரம்பித்தேன். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலக்க வேண்டும், பன்னிரண்டையும் மறுபடி மாற்ற வேண்டும், டேப்லட்டை நான் எடுத்துப் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும். நான் பேசி முடிக்கும்வரை மல்லிகா அக்கா காத்திருந்தார். பிறகு கையுறையைக் கழற்றி, சரசு அக்காவின் வலது காதில் இருந்ததைப் பிடுங்கிக் கழுத்தில் விட்டு, என் கையில் இருந்த இடது பக்கத்தை வாங்கி அதே வலது காதில் செருகினார். சரசு அக்கா முகம் மாறியது. கையைத் தூக்கி எங்களைப் பேச வேண்டாம் என்று சைகை காட்டினார், வாத்தியார் பேசுகிறார்.

"இதுக்குப் போயி ரெண்டு நாளு டேப்லட்ட எடுத்துட்டுப் போறேங்குறியே, ஒயர மாத்திச் சொருகுனா ஆச்சு. வேலையப் பாப்போம் வா லா."

முக்காலி

வீம்புக்கு, பன்னிரண்டையும் இரண்டு பக்கமும் கேட்கும்படி மாற்றி ஒரு கார்டில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வரவில்லை, மலையில் ஓவர்டைம். கார்டு மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. சோதனை நாள் காலையிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. ஒருவருடைய போனில் கண்ணாடியைக் கோணலாக ஒட்டி, உரித்து, மறுபடி கோணலாக ஒட்டினேன்.

பிற்பகல் மழையில் அக்கா வந்தார். குடை இருந்தும் பாதி நனைந்திருந்தார், ஏனென்றால் குடையைப் பிடிக்க வேண்டிய கை பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு தாளைப் பிடித்திருந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதைக் கவுண்டர் மேல் வைத்தார். பாஸ். போன முறையைவிட ஐந்து கேள்வி அதிகம் சரி. குமார் அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார், தாளைப் பிரஷ்ஷால் துடைக்கப் போனார், நான் தட்டிவிட்டேன்.

இது முதல் படிதான். இனி வண்டி பழக வேண்டும், மேட்டில் நிறுத்தி எடுக்க வேண்டும், சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஆனால் மேனேஜர் துரை தாளைப் பார்த்துவிட்டு, பிக்கப் சாவியை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். நான் உடனே அடுத்து என்ன வீடியோ வேண்டும், கிளட்ச் பற்றியா, பிரேக் பற்றியா, நானே தேடி மாற்றித் தருகிறேன், இந்த முறை இயர்போனிலும் கேட்டுப் பார்ப்பேன் என்று அடுக்கினேன். அக்கா தாளை உறையோடு மடக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார்.

"லைசன்ஸ் வந்ததும் மொத ட்ரிப்புல ஒன்னத்தான் முன்னாடி ஒக்கார வச்சு மலைக்குக் கூட்டிட்டுப் போவேன், ஆனா நீ வாயத் தொறக்கக் கூடாது, நான் ரோட்டப் பாக்கணும்."

மொத்தத்தில், இந்தத் தொழிலில் பாதி வேலை கணினியில் முடிகிறது, மீதிப் பாதி கேட்கிறவர் எங்கே நின்று எந்தக் காதால் கேட்கிறார் என்று மலை ஏறிப் பார்ப்பதில் முடிகிறது, சம்பளம் மட்டும் முதல் பாதிக்குத்தான்.