கலிங்கில் மாட்டிய கம்பிவலை

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. ஒரு இடத்தில் உட்காரச் சொன்னால் முள்மேல் உட்கார்ந்த மாதிரி நெளிவார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், மறுபடி திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். படகு கிளப்பில் அவருக்கு வைத்த பெயரே 'செக்கிங்'. அவர் சொந்தப் பெயரை நானே சில நேரம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

கிளப் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். மேட்டில் குடியிருக்கும் எங்களைப் போன்ற சில குடும்பங்கள் சேர்ந்து ஓடையை மறித்து, மண் கரை போட்டு, படகு விடவும் தூண்டில் போடவும் வைத்திருக்கிற சின்ன ஏரி. கரைக்கு நேர் கீழே ஒரு தெரு. அந்தத் தெருவில்தான் எங்கள் மகள் இருக்கிறாள்.

கல்யாணமாகி அவள் அங்கே வீடு பார்த்த நாளிலிருந்து இந்த மனுஷருக்கு நிம்மதி போயிற்று. வேலைக்குக் கிளம்புமுன் கரைமேல் ஒரு நடை, வந்ததும் ஒரு நடை. எலி வளை இருக்கிறதா, எங்கேயாவது ஈரம் கசிகிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பார். ஒரு தூறல் விழுந்தால் போதும், போனை எடுத்துவிடுவார். "அம்மாடி, கிளம்பி மேல வந்துடு!" ஆரம்பத்தில் அவளும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். வந்து சேர்வதற்குள் வெயில் அடிக்கும். டீ குடித்துவிட்டு இறங்கிப் போவாள். போகப்போக, "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைக்கக் கற்றுக்கொண்டாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

இவ்வளவு பார்க்கிறவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்கு, கரையின் ஓரத்தில் சிமெண்டில் கட்டிய கலிங்கு உண்டு. போன வருஷம் கிளப் வாங்கி விட்ட மீன்களெல்லாம் நன்றாகக் கொழுத்து, ஒரே மழையில் அந்தக் கலிங்கு வழியாகக் கீழே போய்விட்டன. தெருவே மீன் வறுத்தது. எங்கள் மாப்பிள்ளையும் ஒரு வாளி அள்ளினார். இவருக்கு வந்ததே கோபம்! பழைய லிஃப்ட் கூண்டின் கம்பிவலையைக் கொண்டுவந்து கலிங்கின் வாயில் மாட்டினார். போல்ட் போட்டு முறுக்கியது போதாதென்று அதன்மேல் வெல்டிங் வேறு. "இனிமே ஒரு குஞ்சு வெளிய போகட்டும், பாக்கலாம்!" என்றார். கிளப்பே கை தட்டியது.

கரையைச் சோதிக்க வந்த இன்ஜினியர் அம்மா, கரை பரவாயில்லை என்றுதான் சொன்னார். வலையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இலையும் குப்பையும் வந்து இதுல அடைச்சா தண்ணி எப்படிங்க போகும்? மேலேறி வழிஞ்சா மண் கரை நிக்காது. உடனே எடுத்துடுங்க."

இவர் முகம் சுண்டிப்போயிற்று. "இலை வந்தா நான் தினமும் அள்ளிடறேன் மேடம்." கிளப் செயலாளரோ, தூண்டில் போட்டி முடியட்டும், அப்புறம் எடுக்கலாம் என்றார். போட்டிக்கு முன்னால் மழை முந்திக்கொண்டது.

வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மகளுக்கு நிறைமாசம். இவர் மண்வாரியைத் தூக்கிக்கொண்டு ஓட, நான் குடையோடு பின்னாலேயே ஓடினேன். அவர் அள்ள அள்ள இலை வந்து அப்பியது. வலை சுவராகிவிட்டது. தண்ணீர் கரையின் தலைக்கு ஒரு சாண் கீழே நின்றது. ஸ்பேனரை வைத்துத் திருகினார். அவர் முறுக்கிய போல்ட் அவருக்கே அசையவில்லை. வெல்டிங்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நனைந்த கையோடு போனை எடுத்தார். "அம்மாடி, கிளம்பிடு. இப்பவே."

"சரிப்பா, சரிப்பா. நீங்க முதல்ல தலையத் துவட்டுங்க." வைத்துவிட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். "நான் சொன்னா வரமாட்டா," என்றார். போனைப் பிடுங்கி நானே போட்டேன்.

"அடியே, இது உங்கப்பா பேச்சு இல்ல. நான் சொல்றேன். நிக்கிற நிலையில கிளம்பு. வர்ற வழியில ஒவ்வொரு கதவையும் தட்டு."

"அம்மா, நீயா சொல்ற?"

"நானேதான்டி, கிளம்பு!"

அவர் பக்கத்தில்தான் நின்றார். என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த போன் செயலாளருக்கு. அவர் ஜீப்போடு வந்து சேர்வதற்குள் கரையின் தாழ்ந்த மூலையில் தண்ணீர் ஏறி வழியத் தொடங்கிவிட்டது. மண் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. "கயித்தக் குடுங்க!" என்று கத்திக்கொண்டே இவர் கம்பியில் கயிற்றைச் சுற்றினார். கம்பி உள்ளங்கையைக் கிழித்தது. ஜீப் வழுக்கிற்று, உறுமிற்று, இன்னொரு முறை இழுத்தது. வலை சிமெண்டையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. தேங்கி நின்ற தண்ணீரெல்லாம் ஹோவென்று கலிங்கில் பாய்ந்தது. மீனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கீழ்த்தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் போயிற்று. வீடுகளில் ஆள் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மகள் கதவு கதவாகத் தட்டியதில் தெரு முழுக்க எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. கரை ஒரு மூலை போய், மிச்சம் நின்றது.

நாங்கள் வீட்டுக்கு வந்தோம். இவர் வாசலிலேயே நின்றுகொண்டார். மகள் கஷ்டப்பட்டு எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துத் துணியால் ரத்தத்தை ஒற்றினாள்.

"மன்னிச்சுக்கோங்கப்பா. நீங்க எத்தனை தடவ கூப்பிட்டீங்க. நான் காதுலயே போட்டுக்கல."

"அப்பெல்லாம் கரை நல்லாத்தான்மா இருந்துச்சு," என்றார். அத்தனை பேர் நடுவிலும் குரல் உடைந்தது. "கலிங்க அடைச்சதே நான்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கரையை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் கையை உருவப் பார்த்தார். மகள் விடவில்லை.