சிவப்பு அட்டைக்கு ஒரு பக்கம்

பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நாட்டின் வரலாற்றை எழுதித் தருகிறேன் என்று நான் ஒப்புக்கொண்டபோது தடுக்க வீட்டில் யாரும் இல்லை. செமிலிங் ஊரில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு அது ஒரு வசதி. சுல்தான்களும் வெள்ளைக்காரத் துரைமார்களும்தான் எட்டு மாதம் எனக்குப் பேச்சுத் துணை. அவர்களோடு சாப்பிட்டேன், சண்டையும் போட்டேன்.

சுதந்திர நாள் அத்தியாயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ஓவியர் அனுப்பிய படத்தில் தோட்டத்து ஜனங்கள் எல்லாரும் கொடி பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் என் அப்பாவைத் தேடினேன். வரைந்த படத்தில் போய்த் தேடிய என் புத்தியை என்ன சொல்ல!

அப்பா பெடோங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். பிறந்ததை யாரும் போய்ப் பதியவில்லை. எனக்கு எட்டு வயதிருக்கும்போது, குடியுரிமை மனுக்களை வாங்க அதிகாரிகள் தோட்டத்து ஆபீசுக்கு வந்தார்கள். அதற்கு முன் ஒரு வாரம் விடாத மழை. ரப்பர் மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வேலை இல்லை, சம்பளமும் இல்லை. அன்று காலையில்தான் பட்டை காய்ந்திருந்தது. அம்மா ஆபீசுக்குப் போகச் சொல்லிக் கெஞ்சினாள்.

"மரம் காஞ்சிருக்குல்ல. அவங்க மறுபடி வருவாங்க," என்று சொல்லிவிட்டு அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு போனார்.

அவர்கள் வரவில்லை. பிறகு இவராக அலைந்தபோதெல்லாம் பிறப்புப் பத்திரம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். குடிமக்களுக்கு ஐசி என்கிற அடையாள அட்டை நீல நிறம். அப்பாவுக்குக் கடைசிவரை சிவப்பு. இங்கே வாழலாம், ஓட்டுப் போட முடியாது. ஆனாலும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் சுதந்திர நாளுக்கு லயத்தில் முதல் கொடியைக் கட்டியவர் அவர்தான். தேர்தல் நாளில் மட்டும் வெளியே வராமல் கிடப்பார். எனக்கு அது வெட்கமாக இருந்தது. பள்ளியில் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது நினைத்தால் என் மேல்தான் கோபம் வருகிறது.

அந்தக் காலையை ஒரு பக்கமாக எழுதிச் சேர்த்தேன். பதிப்பாசிரியை சின்னப் பெண். படித்ததும் அழைத்தாள்.

"டீச்சர், இந்தப் பக்கத்த எடுத்திடலாம் லா. சின்னப் பிள்ளைங்க படிக்கிறது. எதுக்குச் சோகம்?"

"வெள்ளிக்கிழமை சொல்றேம்மா," என்றேன்.

வியாழக்கிழமை, செர்டாங் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியில் வாசித்துப் பார்க்கப் போனேன். பதினொரு பிள்ளைகள். சுல்தான் கதைக்குச் சிரித்தார்கள், போருக்கு வாயைப் பிளந்தார்கள். அப்பாவின் பக்கம் வந்ததும் ஒருவரும் அசையவில்லை. ஏதாவது கேளுங்கள் என்றேன். தரையைப் பார்த்தார்கள். பதிப்பாசிரியை சொன்னதுதான் சரி, எடுத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்து காருக்கு நடந்தேன்.

பின்னல் அவிழ்ந்த ஒரு சிறுமி பின்னாலேயே ஓடிவந்தாள்.

"டீச்சர், புக்கு எப்ப வரும்?"

"அடுத்த வருஷம். ஏம்மா?"

"எங்க தாத்தாவுக்கு ஒண்ணு வேணும். அவருக்கும் சிவப்பு ஐசிதான். அவருக்கு மட்டும்தான் அப்படின்னு நெனச்சுக்கிட்டு யாருகிட்டயும் பேச மாட்டாரு."

என் அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஒரே வீட்டில் இருந்தும் நான் ஒரு நாள்கூட அவரிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு பதிப்பாசிரியையை அழைத்தேன்.

"கொடி பிடிச்சவங்க படத்த வேணும்னா எடுத்துடும்மா. இந்தப் பக்கம் இருக்கணும். இல்லன்னா புத்தகமே வேணாம்."

"சரி டீச்சர். அப்ப அப்பா படம் ஒண்ணு அனுப்புங்க. ஓவியர் பாத்து வரையட்டும்."

வீட்டுக்கு வந்து அலமாரி முழுக்கத் தேடினேன். அப்பாவின் முகம் இருந்தது ஒரே இடத்தில்தான், அந்த அடையாள அட்டையின் பழைய நகலில். கறுப்பு வெள்ளை நகல் என்பதால் அதில் சிவப்பு விழவில்லை. இந்த நாட்டில் எல்லாருக்கும் இருக்கிற அட்டை போலவே இருந்தது. கூப்பிட்டுக் காட்டத்தான் வீட்டில் யாரும் இல்லை.