யேசுரத்தினம் மிச்சம் பிடித்த தண்ணீர்

யேசுரத்தினத்தை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஆனால் கொஞ்ச நேரம் கழித்துப் பாவமாகவும் இருக்கும். இரண்டையும் ஒதுக்கிவிட்டு அவரைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது.

பத்மநாபபுரத்துக்கு மேற்கே, பாறைமேல் இருக்கிறது எங்கள் ஊர். அவர் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. தை கழிந்தால் கிணறு வற்றிவிடும். அப்புறம் கீழே ரோட்டோரம் இருக்கும் பஞ்சாயத்துக் குழாய்தான் கதி. அவர் தோஹாவில் பாதி ஆயுசு பிளம்பராக இருந்தவர். பெரிய பெரிய ஹோட்டல்களில் எல்லா மாடிக்கும் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தார். இங்கே அவர் மனைவி ராஜபாய் அக்கா இடுப்பில் குடம் வைத்துப் பாறை ஏறிக்கொண்டிருந்தாள்.

அவர் ஊரோடு வந்து சேர்ந்தபோது அக்காவுக்கு ஒரு கிட்னிதான் இருந்தது. கல் அடைத்து மற்றதை எடுத்துவிட்டார்கள். இருக்கிற ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமானால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், ஒன்றுக்கு வந்தால் அடக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அன்றைக்கே யேசுரத்தினம் குடத்தை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். ஆண்பிள்ளை தண்ணீர் சுமப்பதைப் பார்த்து ஊர் சிரித்தது. அவர் சட்டை செய்யவில்லை. ஆனால் அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து அக்கா குடத்தோடு இறங்கிவிடுவாள். வீட்டில் தண்ணீர் செலவு குறைந்தால் ஒழிய இவளைத் தடுக்க முடியாது என்று அவர் முடிவு கட்டினார். வீட்டுத் தண்ணீரில் பெரும்பங்கு கக்கூசில்தான் போகிறது என்பது அவர் கணக்கு.

தோஹாவில் ஒரு ஹோட்டலில் கழற்றிப்போட்ட கக்கூஸ் ஒன்றைக் கார்கோவில் போட்டு அனுப்பியிருந்தார். அதை இப்போது எடுத்து மாட்டினார். அதன் தொட்டிக்குள் காற்றுப் புகாமல் மூடிய கறுப்பு உருளை ஒன்று இருக்கும். சுமந்து நிரப்பிய டிரம்மிலிருந்து பிரஷர் பம்பு தள்ளும் தண்ணீர் அதற்குள் ஏறி, உள்ளே இருக்கும் காற்றை நெருக்கும். பட்டனை அமுக்கினால் நெருங்கிக் கிடந்த காற்று தண்ணீரை ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். அதனால் கொஞ்சம் தண்ணீரே போதும். ஆனால் ஒவ்வொரு தடவையும் தண்ணீரோடு கொஞ்சம் காற்றும் போய்விடும். புதுக்காற்று உள்ளே வர ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளைதான். நாலு நாளில் உருளை முழுக்கத் தண்ணீர் நிரம்பி, தள்ள ஆளில்லாமல் செத்துக் கிடந்தது.

விடுவாரா அவர்? தண்ணீர் வரும் குழாயை ஓரிடத்தில் ஒடுக்கினார். ஒடுங்கின இடத்தில் வேகமாக ஓடும் தண்ணீர் பக்கத்துத் துளை வழியாகக் காற்றை இழுத்துக்கொள்ளும். உள்ளே போன காற்று திரும்ப வராதபடி ஒரு சின்ன வால்வும் வைத்தார். துளையைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். முன்னே ஒரு வாளி கொட்டின இடத்தில் அரை வாளி போதும் என்றாகிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலைதான்.

ஆனால் வெடிச் சத்தம். பட்டனை அமுக்கினால் டமார் என்று ஒரு முழக்கம், பின்னாலேயே காற்று இழுக்கும் சீறல். கல்ஃப் வீடுகளைப் போலக் கக்கூசை முன்ஹாலை ஒட்டியே கட்டியிருந்தார். உள்ளே யார் போனாலும் ரோட்டில் நிற்பவனுக்குத் தெரிந்துவிடும்.

“இஞ்ச பாருங்கோ, சத்தம் ஊரெல்லாம் கேக்குது. எனக்கு நாணமா இருக்கு,” என்றாள் அக்கா.

“கேக்கட்டும்ட்டி. அது காத்துக்க பெலனாக்கும்,” என்றார் அவர்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் ஜெபக்கூட்டம். எல்லாரும் முழங்காலில் நிற்கிறோம். பெனிஷ் உபதேசியார் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கிறார். அடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மதித்து அக்கா மெல்ல எழுந்து போனாள். டமார்! உபதேசியார் வாக்கியத்தை விட்டுவிட்டார். பிள்ளைகள் சிரித்தன. பெரியவர்களும்தான். ஆமென் சொன்னதும் இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஆண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்த் தொட்டி மூடியைத் திறந்து காற்றுத் துளையைக் காட்டினார். எல்லாரும் பார்க்க இன்னொரு தடவை வெடிக்க வைத்தார். அக்கா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஊரில் பயல்களுக்கு அது ஒரு கேலியாகிப்போனது. சத்தம் கேட்டால், “ராஜபாய் அம்மச்சி போயாச்சு!” என்று ரோட்டிலிருந்து கத்துவார்கள்.

யேசுரத்தினம் தண்ணீர் டிரம்மைத் தினமும் எட்டிப் பார்ப்பார். மூன்று நாளில் காலியாகிற டிரம் ஐந்து நாள் வந்தது, அப்புறம் ஆறு நாள். “துளைய இன்னும் கொஞ்சம் பெரிசாக்கினேன், எம்புட்டு மிச்சம் பாத்தியளா!” என்று என்னிடம் பெருமை அடித்தார். நான் முந்திரிக்கொட்டை உடைக்க அண்டி ஆபீசுக்குப் போகிறவள், பகலில் வீட்டில் இருக்க மாட்டேன். நான் திரும்பி வந்ததும் அக்கா வருவாள். வந்ததும் நேரே என் வீட்டுக் கக்கூசுக்குத்தான் போவாள். பேச வருகிறாள், வந்த இடத்தில் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

மாசி முடியும்போது அக்காவுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம். இருந்த ஒரு கிட்னியும் சீழ் பிடித்திருந்தது.

“ஒரு நாளைக்கு எம்புட்டு வெள்ளம் குடிப்பிய?” என்று நர்ஸ் கேட்டாள்.

“நல்லா குடிப்பா சிஸ்டர்,” என்றார் யேசுரத்தினம்.

“காலத்த ஒரு கிளாஸ் சாயா,” என்றாள் அக்கா. “பின்ன அந்திக்கு ஒரு வாய். குடிச்சா போகணும்லா. போனா ஊருக்கு முழுக்க தெரியும்.”

டிரம் ஆறு நாள் வந்தது எதனால் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

“ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?”

“சொன்னேனே,” என்றாள் அக்கா.

வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்று ஆகிவிட்டது. அவளை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் அவர் அந்தக் கக்கூசைத் தன் கையாலேயே உடைத்துப் பின்பக்கம் போட்டிருந்தார். சாதாரணக் கக்கூசும் ஒரு வாளியும் கப்பும் வைத்தார். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார்.

“இனி ஒரு சத்தமும் வராதுட்டி.”

அக்கா வாளியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், “இப்ப எனக்கு ஒண்ணுக்கே வரல்லியே.”

அவள் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே போக வழியில்லை. அதனால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரைக்கும் சாயாவுக்கும் சேர்த்துத்தான் அந்த அரை லிட்டர். இப்போது சித்திரை வெயில். பாறை கொதிக்கிறது. நாக்கு வறண்டு அக்கா கேட்பாள், “ஒரு வாய் வெள்ளம் தாருங்கோ.”

“இன்னைக்குள்ளது கழிஞ்சுதுட்டி,” என்பார் அவர்.

அவள் விட மாட்டாள். திரும்பத் திரும்பக் கேட்பாள். முதலில் கெஞ்சலாக, அப்புறம் சத்தம் போட்டு. என் வீட்டுக்குக் கேட்கும், ரோட்டுக்கும் கேட்கும். யார் காதில் விழுந்தாலும் அவளுக்கு இப்போது வெட்கமில்லை. டிரம் நிறையத் தண்ணீர் கிடக்கிறது. யேசுரத்தினம் எழுந்து வந்து வாசல்படியில் உட்கார்ந்துகொள்வார்.