மாமா தராத கல்கண்டு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இன்று சாலைக் கடைத்தெருவில் மூன்று பாத்திரக் கடைகள் என் பேரில் இருக்கின்றன. போன மாதம் நெஞ்சு வலித்தபோது, ஒரு சின்னஞ்சிறு மாத்திரையைக் கொடுத்து நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்ன டாக்டரிடம், "இத நான் ஏழு வயசுலயே பாத்தாச்சு" என்றேன். அவர் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

அந்த ஏழு வயதில் எனக்குக் காதுகுத்து. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, வீட்டுக் கூடத்தில் மாமா மடியில் என்னை உட்கார்த்தினார்கள். அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. இரண்டு காதும் குத்தி முடியும்வரை தாய்மாமன் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள்.

முதல் காதுக்கு நான் போட்ட கூச்சல் கோட்டைவாசல்வரை கேட்டிருக்கும். அழுதபடி நிமிர்ந்தால், வேர்த்து வடிந்த மாமா வேட்டி மடிப்பிலிருந்து ஒரு குட்டிச் சீசாவை எடுத்து, வெள்ளையாக ஒன்றை வாயில் போட்டுக்கொள்கிறார். அழுகை நின்றுவிட்டது.

"எம்மா, மாமா மட்டும் கல்கண்டு திங்காவ!"

"ஏம்லே, பிள்ளைக்கு ஒண்ணு குடுத்தா கொறஞ்சா போவ?" என்றாள் அம்மா.

மாமா வாயே திறக்கவில்லை. இரண்டு விரலால் அவர் உதட்டைப் பிளக்கப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டார்.

"கடைஞ்செடுத்த கஞ்ச மாமன்டே!" என்று சிரித்த காதுகுத்தும் ஆசாரி, அந்தச் சிரிப்போடு சிரிப்பாக என் தலையைப் பிடித்து மறு காதையும் குத்திவிட்டார். எனக்கு உறைக்கவே இல்லை.

சற்று நேரத்தில் மாமாவின் முகம் சிவந்தது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்தியாக்கா, எம் மருமவ அழல கேட்டியா!"

அது நெஞ்சுவலி மாத்திரை என்று மாமி பல வருஷம் கழித்துச் சொன்னாள். மற்றதை டாக்டரைக் குடைந்து நானே தெரிந்துகொண்டேன். விழுங்கினால் பெரும்பகுதியை ஈரலே சிதைத்துவிடும். நாக்கடியில் கரைந்தால் நேரே இரத்தத்தில் கலந்து குழாய்களைத் தளர்த்தும்; நெஞ்சுக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து அதன் பாரம் இறங்கும். முகச்சிவப்பும் தலைவலியும் கூடவே வருபவை. எனக்கு ஒன்று தந்திருந்தால் சுருண்டு விழுந்திருப்பேன்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், என் முதுகில் அவர் நெஞ்சு படபடவென்று இடித்தது மட்டும்தான். என் காதில் குத்தும் ஊசிக்கு இத்தனை பெரிய ஆள் நடுங்கிவிட்டார் என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

"ஆமா மக்களே, ரொம்பப் பயந்துதான் போனேன்" என்பார் மாமாவும் என்னைப் பார்த்து.