கன்னத்தில் இருந்த ஜன்னல்

மயிலாப்பூரில் நாங்கள் இருந்த வீட்டின் பக்கச் சுவரில் ஒரு பெண் இருந்தாள். தரையிலிருந்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரை உயரம். கொழுகொழுவென்று கன்னம், பருத்த கை, கையில் டானிக் பாட்டில். 'மூச்சுக்கு இதம், உடலுக்கு உரம்' என்று காலடியில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அவளை நேரில் கண்டால் கன்னத்தில் ஓங்கி ஒன்று கொடுக்க வேண்டும் என்று எனக்கு எத்தனையோ நாள் கை துறுதுறுத்ததுண்டு. சுவரில் பூசிய வர்ணத்தின் மேல் இவ்வளவு ஆத்திரமா என்று கேட்பவர்கள் முழுவதையும் தெரிந்துகொண்டு கேட்கட்டும்.

யுத்தத்துக்கு முன்னால், அப்பா இருந்த காலத்திலேயே அவளை வரைந்துவிட்டார்கள். டானிக் கம்பெனி முதலாளி தியாகராய நகரில் பெரிய பங்களாக்காரர். அப்பாவுக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் அண்ணாவுக்கு அவருடைய ஆபீசில் வேலை கிடைத்தது. முதலாளி விளம்பரத்துக்குச் சுவரைக் கேட்டார், அப்பா உடனே சரி என்றார். மாடி அறைக்கு அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. படத்தில் அது கன்னத்துக்கு நடுவில் வந்ததால் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார்கள். அப்போது அந்த அறையில் பழைய பெட்டிகளும் பாயும்தான் கிடந்தன. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

பிறகு யுத்தம். குண்டு விழப்போகிறதென்று ஊரே காலி செய்துகொண்டு ஓடியபோது நாங்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தோம். வர்ணத்துக்கு எண்ணெய் கிடைக்காத காலம், சுவரைக் கவனிப்பார் இல்லை. வெயிலும் ஐப்பசி மழையும் அவளைத் தின்று தீர்த்தன. யுத்தம் முடியும்போது ஒரு காது, நாலு விரல், பாதி பாட்டில், இவ்வளவுதான் மிச்சம். அதற்குள் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அண்ணா, மன்னி, நான் என்று மூன்றே பேர். நான் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா.

மன்னிக்கு மார்ச்சளி என்று ஆரம்பித்து, ஒருநாள் கைக்குட்டையில் ரத்தம் வந்தது. டாக்டர் பெயரைச் சொல்லாமலே வியாதியைச் சொன்னார். தனி அறை, நல்ல காற்று, நல்ல வெளிச்சம், நிறைய ஓய்வு. மாடி அறையை ஒழித்து அங்கே கட்டில் போட்டோம். அதே வாரம் நான் கொத்தனாரைக் கூப்பிட்டு அந்த ஜன்னலை இடித்துத் திறக்க வைத்தேன். அண்ணா தடுக்கவில்லை. கம்பெனி அந்தச் சுவரை மறந்திருந்த நேரம் அது.

ஜன்னல் கிழக்கே பார்த்தது. பகல் ஒரு மணி தாண்டியதும் கடல்காற்று நேராக உள்ளே வரும். மன்னி தலைமயிரை விரித்துப் போட்டுக்கொண்டு கம்பி ஓரமாய் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். மூன்று மாதத்தில் சாயங்காலக் காய்ச்சல் நின்றது. ரசம் சாதத்தை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அண்ணா மாதாமாதம் ஆபீசிலிருந்து டானிக் பாட்டில் கொண்டுவந்து வைப்பார், அவளும் மறக்காமல் குடிப்பாள். அவளைத் தேற்றியது பாட்டில் இல்லை, காற்று. இதை நான் யாரிடமும் சத்தியம் செய்து சொல்லத் தயார்.

இப்படி ஒரு வருஷம் ஓடியபோதுதான் முதலாளிக்குச் சுவர் ஞாபகம் வந்தது. டிராமில் போகிறவர்கள் எல்லாம் 'அந்த அம்மா எங்கே போனாள்' என்று கேட்கிறார்களாம். புதிதாக ஒன்று வேண்டாம், பழைய படமே வேண்டும், ஒரு மயிரிழை மாறாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு. அண்ணா சாப்பிட்டுக்கொண்டே இதைச் சொன்னார். மோருக்கு வந்தபோது, ஜன்னலை மறுபடி அடைக்க வேண்டியிருக்கும் என்றார். நான் பரிமாறிக்கொண்டிருந்த மோர்ப் பாத்திரத்தைத் தரையில் வைத்தேன். வைத்த சத்தத்தில் அவர் தலை நிமிர்ந்தார்.

முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லுங்கள் என்றேன். முடியாது என்றார். ஏன் என்று கேட்டேன். கடைசியில் மெதுவாக வந்தது உண்மை. தன் பெண்டாட்டிக்கு இந்த வியாதி என்று அவர் ஆபீசில் ஒருவரிடமும் சொல்லவில்லை. நுரையீரலுக்கு டானிக் விற்கிற கம்பெனியில், அதே டானிக்கை வருஷக்கணக்காய்க் குடிக்கிறவள் ரத்தம் கக்குகிறாள் என்று எந்த வாயால் சொல்வது? அவமானம் யாருக்கு, மூச்சு யாருக்கு என்று கத்தினேன். மாடியில் கேட்கும், மெதுவாகப் பேசு என்றார்.

படம் எழுத வந்தவர் முன்னால் எழுதியவரேதான். லஸ் பக்கம் தலைமுறையாய் இருக்கிற முஸ்லிம் குடும்பம், ஐம்பது வயது இருக்கும். சவுக்குக் கம்பில் சாரம் கட்டி ஏறினார். முதல் நாள் வர்ணத்தையே தொடவில்லை. வாளி வாளியாய்த் தண்ணீரை இறைத்துச் சுவரை நனைத்தார். நனைந்த சுவரில் அழிந்துபோன கோடுகள் எல்லாம் மேலே வந்தன. மூக்கு, உதடு, வளையல், எல்லாம். காய்வதற்குள் கரித்துண்டால் அவற்றின் மேலேயே கோடு இழுத்தார். தெருவே நின்று பார்த்தது. நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன், பொய் சொல்வானேன்.

கன்னத்துக்கு வந்தபோது கம்பிக்குப் பின்னால் மன்னி இருந்தாள். அவர் சாரத்தில் இருந்தபடியே அவளிடம் இரண்டு வார்த்தை பேசினார். வர்ண நெடி அவளுக்கு இருமலைக் கிளப்புவதைப் பார்த்து, முதலில் கால் பக்கத்தை முடிக்கிறேன் என்று இறங்கிவிட்டார். கீழே வந்து என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, உள்ளே ஒடம்பு சரியில்லாத ஆள் கீதே. இத்த அடைச்சுட்டா அந்தம்மா எப்டி மூச்சு உடும்?"

அவர் கேட்ட அந்தக் கேள்வியை என் கூடப்பிறந்தவர் கேட்கவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஜன்னலை அடைக்க வேண்டாம், வெளிப்பக்கம் இரண்டு மரக்கதவு போட்டு அதன் மேலேயே கன்னத்தை எழுதிவிட்டால் என்ன? மூடினால் படம், திறந்தால் காற்று. அவர் கொஞ்சம் யோசித்து, முடியும் என்றார். சுவரும் கதவும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், தச்சரை நானே கூட்டி வருகிறேன் என்றார். அண்ணா முதலாளியிடம் 'புழங்காத அறை, காற்றோட்டத்துக்கு ஒரு கதவு' என்று ஏதோ சொல்லிச் சம்மதம் வாங்கி வந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்றைக்குப் பாயசம்கூட வைத்தேன். அந்தப் பாயசத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஒன்பது நாளில் படம் முடிந்தது. சாரத்தைப் பிரித்ததும் தெருவில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. கதவின் விளிம்பு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லி ஆளுக்கு ஆள் பந்தயம் கட்டினார்கள். முதலாளி காரில் வந்து இறங்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். பகலில் கதவு மூடியிருக்க வேண்டும். இருட்டிய பிறகு எப்படி வேண்டுமானாலும் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறவில்லை, பாருங்கள். படம் பார்ப்பதற்கென்றே எழுதுவது, பார்க்கிறவர்கள் பகலில்தான் வருவார்கள். கடல்காற்றும் பகலில்தான் வரும். பங்குனி, சித்திரையில் பட்டணத்தில் இருட்டிய பிறகு என்ன காற்று இருக்கிறது? பொழுது சாய்ந்து கதவைத் திறந்தால் கொசுதான் வந்தது. பகலெல்லாம் அந்த அறை அடுப்பங்கரையாய்க் கொதித்தது. மன்னி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரம். நீங்களாவது கத்துங்கள் என்பேன். "அவருக்கு ஆபீஸ்ல பேர் கெட்டுடும்டீ, போறும் விடு" என்பாள்.

மறுபடி காய்ச்சல் வர ஆரம்பித்தது. சித்திரையில் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் ஒருநாள் பகல் இரண்டு மணிக்கு நான் போய் இரண்டு கதவையும் தள்ளித் திறந்தேன். காற்று ஓடி வந்தது. மன்னி எழுந்துவந்து இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றவள் இருமினாள். அவ்வளவுதான் நடந்தது. கீழே நாலு பேர் அண்ணாந்து பார்த்தார்கள். பூசணிக்காய் போன்ற அந்தக் கன்னத்துக்கு நடுவில் எலும்பும் தோலுமாய் ஒரு முகம் இருமுகிறது. யாரோ சிரித்தார்கள். டானிக் குடித்தால் இப்படித்தான் ஆகுமா என்று ஒருவன் கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

மறுநாள் அது தியாகராய நகருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணா சாயங்காலம் ஒரு பூட்டோடு வந்தார். கம்பிக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளில் பூட்டைப் போட்டு, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"கம்பெனி சுவத்துல சீக்காளி மூஞ்சி தெரியறதாம். நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

"மூஞ்சி தெரியறதுதான் தப்பா? சீக்கு தப்பில்லையா?" என்றேன்.

பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினார். அவர் கெட்டவர் இல்லை என்று பிற்பாடு பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இருட்டியதும் தினம் அவரே வந்து பூட்டைத் திறப்பார், விசிறியும் கையுமாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், எல்லாம் வாஸ்தவம். காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது மறக்காமல் பூட்டிவிட்டுப் போவார், அதுவும் வாஸ்தவம். நான் பூட்டை உடைத்திருக்கலாம். அம்மிக்குழவி இருந்தது, கையில் தெம்பு இருந்தது. அண்ணாவுக்கு வேலை போனால் என்ன ஆவது என்று நானும்தான் பயந்தேன். வாய் கிழியப் பேசினேனே தவிர ஒன்றும் செய்யவில்லை.

ஆனியில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இங்கே வைத்திருக்க வேண்டாம், பிறந்தகத்துக்கு அனுப்பிவிடுங்கள், கிராமத்தில் காற்றாவது இருக்கும் என்றார். எழும்பூருக்குப் போக ஜட்கா வந்தது. மன்னியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து இறக்கினோம். அவள் தெருவில் கால் வைத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வண்டி பக்கச் சுவரைத் தாண்டும்போது நிறுத்தச் சொன்னாள். அண்ணா, ரயிலுக்கு நேரமாகிறது என்றார். ஒரு நிமிஷம் என்றாள். திரும்ப எழுதிய படத்தை அவள் ஒரு தடவைகூட வெளியிலிருந்து பார்த்ததில்லை.

கழுத்தை நீட்டி, மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தாள். நன்றாக எழுதியிருக்கிறார் என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இதுல என் ஜன்னல் எது?"

காட்டுவதற்காகக் கையைத் தூக்கினேன். அந்தக் கதவைத் தினம் துடைத்தவள் நான். கன்னம் முழுக்க ஒரே ரோஜா நிறமாய் வழவழவென்று இருந்தது. அண்ணாவும் வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். வண்டிக்காரர் பொறுமையிழந்து சாட்டையை எடுக்கும்வரை நாங்கள் மூன்று பேரும் தேடிக்கொண்டிருந்தோம்.