பிணமாகப் படுத்த ஏழு நிமிடம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் இட்டுக்கட்டவில்லை. எங்கள் சினிமா யூனிட்டில் பதினோரு பேர் பார்த்தார்கள். கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அந்த எரிச்சலில்தான் நானே எழுதுகிறேன்.

டைரக்டர் சேதுராமனுக்கு அது முதல் படம். சில்லறையாகக் கஞ்சா விற்கும் இரண்டு பேரின் கதை. கதையைச் சொன்னவன் ராக்கப்பன். நிஜமாகவே அந்தத் தொழிலில் இருந்தவன், படத்திலும் அவனே நடித்தான். அவனுடைய கூட்டாளி காளிதாஸ் நான்கு வருடத்துக்கு முன் காணாமல் போனான். எவளோ ஒருத்தியோடு ஓடிவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னது ராக்கப்பன்தான். காளிதாஸின் மனைவி நாகஜோதி எங்களுக்குச் சமைத்துப் போட்டாள். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்ற பேச்சைக் கேட்டுக்கேட்டு, யார் முகத்தையும் பார்க்காமல்தான் பரிமாறுவாள்.

ஓடிப்போவது படத்துக்குச் சப்பென்று இருக்கிறது என்று டைரக்டர் அதைக் கொலையாக மாற்றினார். ஏர்வாடி தாண்டி, கடலோரக் கருவேலங்காட்டில் பிணத்தைப் புதைக்கிற சீன். குழிக்கு அவர் ஓர் இடம் காட்டினார்.

"இங்கன வேணாம் சார். அங்கன தோண்டுவோம்," என்றான் ராக்கப்பன்.

டைரக்டர் பிடிவாதக்காரர். அங்கேயே முழங்கால் ஆழம் தோண்டினோம். பிணமாக நடிக்க வேண்டியவன் வரவில்லை. உதவி டைரக்டர் என்றால் இளிச்சவாயன்தானே, என்னைப் படுக்க வைத்தார்கள்.

மாலை 5.37. ஷாட் ஆரம்பம். ராக்கப்பன் மண்வெட்டியால் மணலைத் தள்ளினான். என் மார்புவரை மூடியது.

5.40. முதுகுக்குக் கீழே... டொக்.

நண்டாக இருக்கும் என்று நினைத்தேன்.

டொக்... டொக்...

நண்டு தட்டாது. ஷாட் ஓடுகிறதே என்று அசையாமல் கிடந்தேன்.

5.44. கட். பிணமாக நடித்தவன் கடைசியில் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அபசகுனம் கழிய, சினிமாவில் அது ஒரு சாங்கியம். சிரிக்கச் சொன்னார்கள்.

சிரிக்க வாயைத் திறந்தேன்.

குரல் வந்தது.

என் குரல் இல்லை...

"ஏலே ராக்கு... அன்னைக்கு நான் சாகலடா. நீ மண்ணைத் தள்ளுறப்ப முழிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன்."

மண்வெட்டி கீழே விழுந்தது. சமையல் பாத்திரங்களை விட்டுவிட்டு நாகஜோதி எழுந்து வந்தாள். நேராக ராக்கப்பன் முகத்தைப் பார்த்தாள்.

"இது எம்புருசன் குரலு. இப்பச் சொல்லு. எவளோட ஓடுனாரு?"

ராக்கப்பன் காட்டுக்குள் ஓடினான். இரண்டு பேர் துரத்தக் கிளம்பினார்கள். நாகஜோதி கையை நீட்டித் தடுத்தாள்.

"ஆரும் வெரட்ட வேணாம். அவரு பாத்துக்கிருவாரு."

அவள் சொன்ன அந்த நொடி, குரல் வந்ததிலிருந்து என் நெஞ்சை அழுத்திய பாரம் போய்விட்டது.

அன்றே போலீஸ் தோண்டியது. என் முதுகு கிடந்த இடத்துக்கு ஒரு முழம் கீழே காளிதாஸின் எலும்புகள். இரண்டு கைகளும் மேல்நோக்கித் தூக்கியபடி இருந்தன.

ராக்கப்பனை மறுநாள் காலை 6.10க்குக் கண்டுபிடித்தார்கள். எட்டு கிலோமீட்டர் தள்ளி, தார் ரோட்டில், பிணமாக. உடம்பில் காயம் இல்லை. சட்டையில் ஒரு பொட்டு மண் இல்லை.

அறுத்துப் பார்த்த டாக்டர் பிறகு டைரக்டரிடம் சொல்லியிருக்கிறார்.

அவன் மூச்சுக்குழாய் முழுக்க ஈர மணல்.