நூற்றுத் தொண்ணூறு கிலோ படகு

எட்டுப் பேர், ஐந்நூற்று நாற்பத்துநான்கு கிலோ. லிஃப்டின் உள்சுவரில் திருகியிருக்கும் அந்தத் தகட்டை முப்பத்துநான்கு ஆண்டுகள் தினமும் பார்த்தவர் இவர். மாட்டியவரும் இவர்தான். ஆனால் அதை ஒருநாளும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மேலே இருக்கும் எஃகுக் கயிறு, எழுதியதைப் போலப் பன்னிரண்டு மடங்கு தாங்கும். பிரேக் அதற்கும் மேலே ஒரு காவல். கூட்டம் அதிகமானால் மணி கத்தும், கதவு மூடாது. "அது ஜனங்க பயப்படறதுக்காக எழுதி வெக்கறதுப்பா" என்று புதிதாகச் சேர்ந்த மெக்கானிக்குகளிடம் சொல்வார். குடியிருப்பில் அவருக்குப் பெயரே லிஃப்ட்காரர்தான்.

மார்ச் மாதம் ஓய்வு பெற்றார். ஏப்ரல் ஐந்தாம் தேதி, துவைத்த துணியை மடித்துக்கொண்டே மனைவி சொன்னார்:

"உங்க அண்ணன் இருபத்தெட்டாம் தேதி கிளம்பறாராம்."

"எங்க?"

"பொண்ணு வீட்டுக்கு. ஒரேயடியா. வீட்டைக் காலி பண்றதாச் சொல்லியாச்சாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அண்ணன் அவரைவிட ஏழு வயது மூத்தவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து இரண்டு வருடம் ஆகிறது. மகள் இருக்கும் ஊருக்கு ரயிலில் இரண்டு பகல், ஓர் இரவு. போனால் திரும்பி வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஒரு காலத்தில் இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் நீர்த்தேக்கம்தான். காவலாளியின் மரப்படகைக் கேட்டு வாங்கிக்கொண்டு, விடிந்ததும் போனால் வெயில் ஏறும்வரை கெண்டை பிடிப்பார்கள். பிறகு கம்பெனியில் ஞாயிறு அவசர டியூட்டி என்று ஒன்று வந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கும் வேலை. மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் அவர் முறை. மற்றவர்களின் முறையையும் இவரே கேட்டு வாங்கிக்கொண்டார். வீடு வாங்க வேண்டும், இரட்டைச் சம்பளம் கிடைத்தது. "அடுத்த ஞாயிறு பாத்துக்கலாம்ணே" என்பார். முதல் ஒரு வருடம் அண்ணன் புழு டப்பாவோடு வாசல் கேட் வரை வந்து நின்றுவிட்டுப் போவார். அப்புறம் வருவதில்லை. இருபத்தாறு வருடம் இப்படியே போயிற்று. சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானமாவது பேசியிருக்கலாம்.

அன்று சாயங்காலமே போன் செய்தார்.

"அண்ணே, மீன் பிடிக்கப் போலாமா?"

"யாரு பேசறது?"

"நான்தாண்ணே."

"அது தெரியுது. மீன் பிடிக்கறேன்னு சொல்றது யாருன்னு கேட்டேன்."

இவர் சிரித்தார். அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை.

"கரையில குந்தி உக்கார என்னால ஆகாதுடா. வலது முட்டி மடங்காது. போட்டு இருந்தாச் சொல்லு. பாதியில போன் வந்துச்சுன்னு ஓடிடமாட்டியே?"

"ரிட்டயர் ஆயிட்டேண்ணே."

"நீ ஆயிட்ட. லிஃப்டு ஆகலையே."

கடைசியில் சரி என்றார். இருபதாம் தேதி ஞாயிறு போவதென்று முடிவாயிற்று. அது சரியாக அமைந்தால் இருபத்தேழும் இருக்கிறது, கிளம்புவதற்கு முந்தைய நாள். இருபத்தாறு வருடத்துக்கு ஈடாக இரண்டு ஞாயிறு. அதில் அண்ணன் முகத்தில் பழைய கேலியை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது லிஃப்ட்காரருக்கு.

தூண்டில் கடையை ஐம்பது வயதுள்ள ஒரு பெண்மணி நடத்துகிறார். உள்ளே நுழைந்ததும் கடையில் இருப்பதிலேயே கனமான, நீளமான கம்பைத் தூக்கினார் இவர். பழைய ஞாபகம். கடைக்காரம்மா அதை மெல்ல வாங்கித் திரும்ப மாட்டினார்.

"என்ன மீனு, எந்தத் தண்ணி, எங்க உக்காந்து பிடிக்கப் போறீங்க? மூணும் சொல்லுங்க. அப்புறம் கம்பைத் தொடலாம்."

"கெண்டை. நீர்த்தேக்கம். படகு."

"எத்தனை வருஷமா விட்டுட்டு வர்றீங்க?"

"எப்படித் தெரியும்?"

"விட்டுட்டு வர்றவங்க எல்லாரும் அந்தக் கம்பைத்தான் தூக்குவாங்க."

படகில் நீளக் கம்பு பக்கத்திலிருப்பவர் தலையில் இடிக்கும் என்று ஏழடியில் இரண்டு கம்புகளைக் கொடுத்தார். நுனி வளையும், அடி வளையாது. முன்பிருந்ததில் பாதி எடைகூட இல்லை. தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீல் விஷயத்தில் கடைக்காரம்மா வாயைத் திறக்கவே விடவில்லை லிஃப்ட்காரர். ஐந்து ரீல்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் காதோரம் பிடித்துச் சுற்றினார். "இது அரைக்குது. இதுல பேரிங் ஒண்ணு சரியில்ல. இது பரவால்ல." விலை அதிகமான ரீலை ஒதுக்கி, நடுவிலிருந்த ஒன்றில் இரண்டு எடுத்தார். கடைக்காரம்மா அசந்துபோனார். ஒதுக்கிய அதே ரீலைத்தான் போன வாரம் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்.

நைலான் நரம்பா, பின்னல் நரம்பா என்ற பேச்சு வந்தபோதும் அப்படித்தான். "கயிறு பத்தி எனக்காம்மா சொல்றீங்க?" என்று ஆரம்பித்து, ஒற்றை இழை எப்படி இழுபடும், பின்னியது ஏன் இழுபடாது, ஆனால் கல்லில் உரசினால் எது முதலில் போகும் என்று கால் மணி நேரம் பேசினார். பின்னல் நரம்பு, நுனியில் இரண்டு முழம் நைலான் என்று அவரே முடிவு செய்தார். எல்லாம் சரியான முடிவுகள். கடைக்காரம்மா தலையாட்டிக்கொண்டே எழுதினார்.

அந்தத் தெம்போடுதான் படகுப் பக்கம் போனார்.

காற்றடிக்கும் ரப்பர் படகில் தாழ்வாக உட்கார வேண்டும். அண்ணன் முட்டிக்கு ஆகாது. கயாக் என்ற குறுகிய துடுப்புப் படகு அதைவிட மோசம். அடி தட்டையான அலுமினியப் படகுதான் வழி. பன்னிரண்டு அடியில் ஒன்று இருந்தது, ஆனால் அது காட்சிக்கு மட்டும். ஆர்டர் கொடுத்தால் மூன்று வாரம். பத்தடிப் படகு கையிருப்பிலேயே இருந்தது. குடியிருப்பின் பார்க்கிங்கில் இரண்டு தூண்களுக்கு நடுவே அது நிற்கும் என்று ஏற்கெனவே அளந்து வைத்திருந்தார்.

படகின் உட்புறத்தில் ஒரு தகடு: அதிகபட்சம் நூற்றுத் தொண்ணூறு கிலோ.

"நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு எடை சார்?"

"நான் எழுபத்தொண்ணு. அண்ணன் தொண்ணூத்திநாலு."

"பேட்டரி இருபத்திநாலு வரும். மோட்டார், நங்கூரம், சாமான் எல்லாம் சேத்துத்தான் நூத்தித் தொண்ணூறு. அண்ணனுக்கு முட்டி மடங்காதுன்னு நாற்காலி வேற மாட்டப் போறேங்கறீங்க. உயரத்துல உக்காந்தா இன்னும் ஆடும். பன்னண்டடிக்குக் காத்திருங்களேன்."

"நாள் இல்லம்மா. அதோட, எழுதறவன் எப்பவும் கொறச்சுத்தான் எழுதுவான்."

"யார் சொன்னா?"

"இந்த மாதிரித் தகடு முப்பத்துநாலு வருஷம் மாட்டினவன் நான்."

"அது கயித்துல தொங்குது சார். இது தண்ணியில மிதக்குது."

இதைக் கேட்டு லிஃப்ட்காரர் நன்றாகச் சிரித்தார். பத்தடியையே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொல்லிச் சிரித்தார்.

புதன்கிழமை தனியாகப் போய்ப் படகை விட்டுப் பார்த்தார். பேட்டரி, மோட்டார், நடுவில் பலகை போட்டு முறுக்கிய நாற்காலி, எல்லாம் ஏற்றியும் படகு பூ மாதிரி மிதந்தது. லிஃப்டாக இருந்தால், இரும்பு எடைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, முழுச் சுமையோடு மேலும் கீழும் ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார். இங்கே கையெழுத்துக் கேட்க யாரும் இல்லை.

இருபதாம் தேதி அண்ணன் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வாசலில் நின்றார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு. படகைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார்.

"என்னடா இது, டிரைவர் சீட்டா?"

"உங்களுக்குத்தாண்ணே. முட்டியை நீட்டிக்கலாம்."

"நாலு வருஷத்துக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். அப்ப ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு ஆப்பிள் குடுத்துட்டுப் போனே. இப்ப சிம்மாசனமே குடுக்கற." உட்கார்ந்து பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. "எத்தனை பேர் ஏறலாம்னு எழுதியிருக்கு?"

"ரெண்டு பேருக்குத் தாராளம்."

"உக்கார நாப்பத்தெட்டுன்னு எழுதின வண்டியில நூத்திப் பத்துப் பேருக்கு டிக்கெட் குடுத்தவன்டா நான். எழுத்தைக் கேக்கல. தாங்குமான்னு கேக்கறேன்."

"தாங்கும்ணே."

தகட்டின் மேல் அப்போது லிஃப்ட்காரரின் துண்டு கிடந்தது. மறைக்க வேண்டும் என்று போடவில்லை என்றுதான் இன்றும் சொல்கிறார். எடுக்கவும் இல்லை.

நீர்த்தேக்கத்தில் இருவரும் படகில் ஏறியதும் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கை அகலம் மட்டும் மிஞ்சியது. காற்று இல்லை. கரையிலிருந்து இருபது மீட்டர் போய் நங்கூரம் போட்டார்கள். முக்கால் மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அண்ணன் புதுக் கம்பை எடை பார்த்து, "காத்தைப் பிடிச்சிட்டு இருக்கற மாதிரி இருக்கு" என்றார். ரீலைச் சுற்றி, "சத்தமே இல்லையேடா, வேலை செய்யுதா?" என்றார். தம்பி கொக்கியில் இரை குத்தும் விதத்தைப் பார்த்துவிட்டு, "லிஃப்டுக்கு நட்டு முறுக்கறியா?" என்று கேட்டார். அந்தப் பழைய கேலிதான். லிஃப்ட்காரர் மனது நிறைந்திருந்த நேரம் அது ஒன்றுதான்.

அண்ணன் கம்பு வளைந்தது. பெரிய கெண்டை. அண்ணன் இடப்பக்கம் சாய்ந்தார். வலையை எடுத்துக்கொண்டு தம்பியும் அதே பக்கம் சாய்ந்தார். விளிம்பு சத்தமில்லாமல் தண்ணீருக்கு அடியில் போயிற்று. மணி எதுவும் அடிக்கவில்லை. உயரத்திலிருந்த நாற்காலி அண்ணனை முதலில் கொட்டியது, அப்புறம் படகு அவர் பக்கமாகக் கவிழ்ந்தது.

ஆழம் மார்பளவுதான். ஆனால் மடங்காத முட்டியோடு சேற்றில் ஊன்றி எழுந்திருக்க அவரால் முடியவில்லை. போட்டிருந்த லைஃப் ஜாக்கெட் அவரை மல்லாக்கப் போட்டு மிதக்கவிட்டது. கைகளை விரித்துக்கொண்டு, வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பிக்கொண்டு, "டேய், டேய்" என்று மட்டும் சொன்னார். தம்பி பிடிக்கப் போய் அவரும் வழுக்கினார். கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் இறங்கி வந்து, ஜாக்கெட்டின் தோள்பட்டை வாரைப் பிடித்து அண்ணனைச் சாக்கு மூட்டை போல் இழுத்தார்கள். மூன்றாவது ஆள் போனில் படம் எடுத்தான்.

படகையும் இழுத்து வந்து நிமிர்த்தினார்கள். துண்டு போய்விட்டிருந்தது. சட்டை ஒட்டிய உடம்போடு மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அண்ணன் கண்ணுக்கு நேரே அந்தத் தகடு.

"நூத்தித் தொண்ணூறு" என்று படித்தார். "நான் தொண்ணூத்திநாலு. நீ?"

"அண்ணே, முதல்ல துணியை மாத்துங்க."

"நீ எவ்வளவுடா?"

"எழுபத்தொண்ணு."

"நூத்தி அறுபத்தஞ்சு. பேட்டரி?"

"இருபத்திநாலு."

"அங்கயே வண்டி ஃபுல்லு. மோட்டாரு, நாற்காலி, பலகை, நங்கூரம், பெட்டி? சொல்லு, சொல்லு."

லிஃப்ட்காரர் சொன்னார். முப்பது வருடம் ஓடும் பஸ்ஸில் சில்லறைக் கணக்குப் பார்த்த அண்ணனுக்குக் காகிதம் தேவைப்படவில்லை.

"இருநூத்தி இருபத்தெட்டு. இது உனக்குக் காலையிலயே தெரியும்."

லிஃப்ட்காரர் சட்டை நுனியைப் பிழிந்தார்.

"பஸ்ல நானும் ஏத்தினேன். நூத்திப் பத்துப் பேர்ல நானும் ஒருத்தனா நின்னேன், ஏறினவனுக்கும் தெரியும் கூட்டம்னு. நீ என்கிட்ட சொல்லலை." காலில் ஒட்டிய சேற்றைத் தட்டினார். "ஞாயித்துக்கெழம டியூட்டி கேட்டு வாங்கினதுதானே? உன் கூட வேலை பாத்தவன் ஒருத்தன் தினம் என் வண்டியிலதான் வருவான். முதல் மாசமே சொல்லிட்டான். நான் கேக்கமாட்டேன்னு உனக்குத் தெரியும். அப்பவும் தெரியும், இப்பவும் தெரியும்."

"அண்ணே, அடுத்த ஞாயிறு..."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே வாயை மூடிக்கொண்டார். அண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. கரையிலிருந்தவர்களிடம் ஒரு டாக்சி கூப்பிடச் சொன்னார்.

ஓய்வு பெற்ற கண்டக்டர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. மறுநாள் அந்தப் படம் எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்தது. "ஓவர்லோடு" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு நாற்பத்தோரு பேர் சிரித்திருந்தார்கள். அண்ணன் குழுவிலிருந்து விலகிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை லிஃப்ட்காரர் கடைக்குப் போனார். கடைக்காரம்மாவும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார்.

"அந்தப் பன்னண்டடிப் படகு, காட்சிக்கு வெச்சிருக்கறது. ஒரு நாளைக்கு மட்டும் வாடகைக்குக் குடுப்பீங்களா? இந்த ஞாயிறு."

"அது கம்பெனிப் பொருள் சார். சரி, கேட்டுத் தர்றேன். அண்ணன் வர்றேன்னாரா?"

"இனிமேத்தான் கேக்கணும்."

புதன்கிழமை கேட்டார். போனை எடுத்தது, மூட்டை கட்ட வந்திருந்த அண்ணன் மகள். "அப்பா குளிக்கறார் சித்தப்பா" என்றாள். வியாழக்கிழமையும் குளித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை அவளே போனோடு வீட்டுக்கு வெளியே வந்து மெதுவாகப் பேசினாள்: "சித்தப்பா, முட்டி வீங்கிப்போய்க் கட்டுப் போட்டிருக்கு. ஆனா அதனால இல்ல. உங்க பேரை எடுக்கவேணாங்கறார். நான் என்ன செய்யட்டும்?"

"நீ ஒண்ணும் செய்யாதம்மா. படகு பெரிசுன்னு மட்டும் சொல்லு. முந்நூத்தி இருபது கிலோ."

"சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சார்."

அண்ணன் இருபத்தெட்டாம் தேதி காலை ஆறு நாற்பது ரயிலில் கிளம்புகிறார். பெட்டிகளைத் தூக்க மருமகன் வருகிறார். தம்பி ஸ்டேஷனுக்கு வர வேண்டியதில்லை என்று மகளிடம் சொல்லியனுப்பியிருக்கிறார்.